மழைக் கணக்கும் மரக்கால் கணக்கும்



சித்திரை பிறந்ததும் கோவிலில் ஐயர் பஞ்சாங்கம் படிக்கிறார். இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் சமுத்திரத்துக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்கிறார். நம்மவர்கள் தட்சணை கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். சொன்னது பலித்ததா என்று அடுத்த சித்திரையில் அவரைக் கணக்குக் கேட்டவர் எவரேனும் உண்டா?

இதற்கு நேர் விரோதமான ஒரு மனிதரின் சங்கதியைச் சொல்லவே இன்று வந்திருக்கிறோம். இங்கிலாந்தில் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்று ஒருவர் இருந்தார். முதல் மகாயுத்தத்தில் ஆயுதம் எடுக்க மறுத்து, பிரான்சில் காயம்பட்டவர்களை வண்டியேற்றும் வேலை பார்த்தவர். ஆகாயத்தைப் பெட்டி பெட்டியாய்ப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் அழுத்தம், சூடு, ஈரம், வேகம் இவைகளை வைத்துக் கணக்கிட்டால் வரப்போகும் நிலையை அறியலாம் என்பது அவர் யோசனை. 1910-ம் வருஷம் மே 20-ந் தேதியை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்துக்குரிய கணக்கை வாரக்கணக்கில் பாடுபட்டுக் கையாலேயே போட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. அன்றோ அழுத்தம் அநேகமாய் அசையவே இல்லை!

அவர் என்ன செய்தார்? கிரகத்தின் மேல் பழி போட்டாரா? 1922-ல் வெளியிட்ட தமது புஸ்தகத்தில் அந்தத் தப்புக் கணக்கையே அச்சிட்டு உலகத்தார் முன் வைத்தார். 64,000 பேரை ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போடலாம் என்று அதில் கனவும் கண்டார். தப்பை மறைக்காததால்தான் பின்வந்தவர்கள் அதைத் திருத்த முடிந்தது. 1950-ல் அமெரிக்காவில் எனியாக் என்னும் யந்திரம் ஒரு நாளைய கணக்கைச் சுமார் ஒரு நாளில் போட்டது. 1953-ல் இறந்த ரிச்சர்ட்சன் அதைக் கேள்விப்பட்டுவிட்டே போனார்.

2022-ல் அதே தேசத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் ஃபிரான்டியர் என்னும் யந்திரம், ஒன்றுக்குப் பின் 18 சைபர் போட்ட தொகைக்கு மேற்பட்ட கணக்குகளை ஒரே வினாடியில் போட்டது. உலகத்து 800 கோடி ஜனங்களும் வினாடிக்கு ஒரு கணக்கு வீதம் தூங்காமல் போட்டாலும் அவ்வளவும் முடிய ஏறக்குறைய நான்கு வருஷம் ஆகும்.

இவ்வளவு வேகம் எதற்கு என்பீர்கள். பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் வேலை எட்டு மடங்குக்குக் குறையாமல் பெருகும். பெட்டி சிறுத்தால்தான் எந்த வட்டாரத்தில் மழை என்று சொல்ல முடியும். 2025-ல் புனாவிலுள்ள யந்திரத்தைக் கொண்டு 6 கிலோமீட்டர் பெட்டிக்கு வந்திருக்கிறார்கள்.

1999-ல் ஒரிசாவில் அடித்த புயலில் சுமார் பதினாயிரம் பேர் மாண்டார்கள். 2013-ல் அதே கரையில் பைலின் புயல் அடித்தது. முன்கூட்டியே தெரிந்ததால் பத்து லட்சம் பேர் அளவில் அப்புறப்படுத்தினார்கள், செத்தவர்கள் நூற்றுக்குள்தான். யந்திரம் மட்டும் காப்பாற்றவில்லை. புயல் காப்பு மண்டபம் கட்டியவர்களும், குடிசை குடிசையாய்ப் போய் எழுப்பியவர்களும் சேர்ந்துதான். ஆனால் எந்த யாகமும் அதில் சேரவில்லை.

அதற்காக யந்திரத்துக்கும் சூடம் கொளுத்தக் கிளம்பிவிடாதீர்கள்! 2024-ல் லிவர்மோரில் முதலிடம் பெற்ற எல் கேப்பிட்டன் யந்திரத்தின் முக்கிய வேலை அணுகுண்டுக் கணக்குத்தான். ரிச்சர்ட்சனோ, வானிலை இலாகாவை விமானப் படை மந்திரி இலாகாவோடு சேர்த்ததும் 1920-ல் உத்தியோகத்தையே விட்டவர்.

தோழர்களே! வரும் சித்திரையில் ஐயர் சொல்லும் மரக்காலை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தாலுகா ஆபீஸ் மழைமானியின் கணக்கை மாதாமாதம் பக்கத்தில் எழுதுங்கள். பங்குனியில் அந்த நோட்டைக் கோவில் வாசலிலேயே உரக்கப் படியுங்கள். படிக்க நாமும் வருகிறோம்.