கரப்பானுக்குக் கருவாடுதான் காரணமா?

பிள்ளைக்குத் தோலில் தடிப்பு வந்தால், ஹுத்தான் மெலிந்தாங்கில் பல வீடுகளில் முதல் தீர்ப்பு சமையலறையில்தான். "கரப்பான்! கருவாடு, முட்டை, கத்தரிக்காயை நிறுத்து!" உணவு நின்றுவிடுகிறது, அரிப்பு நிற்கிறதா?

தடிப்பு எங்கே, எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

முழங்கை, முழங்கால் மடிப்பில் தோல் வறண்டு, மாதக்கணக்கில் வந்து வந்து போனால் அது பெரும்பாலும் எக்ஸிமா. தோலைக் காக்கும் ஃபிலாக்ரின் புரதத்தின் மரபணுக் குறையும் இதற்கு ஒரு காரணம் என்று 2006-இல் கண்டறிந்தார்கள். வியர்வை அதைக் கிளறிவிடும். குளித்த ஈரம் காயுமுன் வாசனையில்லாத ஈரப்பதக் களிம்பைப் பூச வேண்டும். டாக்டர் அளவு சொல்லித் தரும் ஸ்டீராய்டுக்குப் பயப்பட வேண்டாம். பெயரில்லாத களிம்புக்குத்தான் பயப்பட வேண்டும், தோலையே மெலியவைத்துவிடும்.

விரலிடுக்கில் அரிப்பு, இரவில் அதிகம், அம்மாவுக்கும் அண்ணனுக்கும் இருக்கிறதா? சொறி சிரங்காக இருக்கலாம். வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். ஒருவர் விட்டாலும் திரும்பி வரும்.

காலையில் கோடு இழுத்தாற்போல் எரிகிறதா? இரவில் விளக்கைத் தேடி வந்த 'செமுட் செமாய்' வண்டு நசுங்கியிருக்கலாம். உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடித்து, உதடு வீங்கினால் உணவைச் சந்தேகிக்கலாம். மூச்சுத் திணறினால் தாமதமின்றி மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். வளரும் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்குமுன், பிள்ளையை அங்கே காட்டுங்கள்.