எண் பெட்டியின் மேலேயே இருக்கிறது

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ‘சி’ பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



மாடிப்படியிலும் லிப்ட் அருகிலும் புகைபிடிப்பவர்களுக்கு அபராதம் என்ற தீர்மானம் சற்று முன்தான் நிறைவேறியது. நானும் கை தூக்கினேன். குழந்தைகள் ஏறி இறங்கும் படிக்கட்டில் சிகரெட் துண்டு கிடக்கக் கூடாது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அபராதம் போட்டால் ஆள் படிக்கட்டிலிருந்து மொட்டை மாடிக்குப் போவார், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பிடிப்பார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அங்கே பல வருடம் நின்றவன் நான். அதனால்தான் செயலாளரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன்.

31 வருடம் புகைத்தேன். விட்டு நான்கு வருடம் ஆகிறது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. விடுவதற்கு மூன்று முறை முயன்று, மூன்றாவதில்தான் தப்பித்தேன். அந்த மூன்று முறையும் என்ன நடந்தது என்று சொன்னால் உங்களில் யாருக்காவது பயன்படலாம்.

முதல் முறை, மன உறுதியை மட்டும் நம்பினேன். புத்தாண்டு அன்று பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மூன்றாம் நாள் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை. வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஐந்தாம் நாள் என் மனைவியே, “நீங்க போய் ஒண்ணு பிடிச்சிட்டு வந்துடுங்க, எங்களால தாங்க முடியலை” என்றாள். அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன். நிகோடின் நின்றவுடன் உடம்பு இப்படித்தான் செய்யும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம், இரண்டு முதல் நான்கு வாரத்தில் அது தணிந்துவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்போம்.

இரண்டாம் முறை, மெடிக்கல் ஷாப்பில் நிகோடின் சூயிங்கம் வாங்கினேன். சாதாரண சூயிங்கம் போல மென்று தள்ளினேன். விக்கல், நெஞ்செரிச்சல், தொண்டைக் கமறல். “இது நமக்கு ஒத்துக்கொள்ளாது” என்று மேசை இழுப்பறையில் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மூன்றாம் முறைக்குக் காரணம் சிகரெட் பெட்டியேதான். நீங்கள் புகைப்பவரானால் உங்கள் சட்டைப் பையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள். பயமுறுத்தும் படத்துக்குக் கீழே ஓர் எண் இருக்கும்: 1800-11-2356. 2018 முதல் அது பெட்டியில் அச்சாகிறது. நானும் தினம் இரண்டு பெட்டி வாங்கியவன்தான். ஆனால் ஒரு நாள்கூட அந்த எண்ணைப் படித்ததில்லை. ஒரு நாள் மாடியில் பொழுது போகாமல் படித்தேன், அங்கிருந்தே அழைத்தேன்.

அது மத்திய அரசின் தேசிய புகையிலை விடுதல் தொலைபேசிச் சேவை. 2016-இல் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கியது. பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களிலும் மையங்கள் வந்தன. அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. தமிழிலேயே பேசலாம். சிகரெட் மட்டுமல்ல, பீடி, ஹான்ஸ், குட்கா, வெற்றிலையோடு போடும் புகையிலை என எதற்கும் அழைக்கலாம்.

உபதேசம் செய்வார்கள் என்று நினைத்தேன். ஒரு பெண் பேசினார். நுரையீரல், புற்றுநோய் என்று எதுவும் ஆரம்பிக்கவில்லை. “ஐயா, காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட் பிடிப்பீங்க?” என்றார். அடுத்து, எந்தெந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது பிடிப்பேன் என்று கேட்டார். முன்பு விட முயன்றபோது என்ன ஆயிற்று என்றும் கேட்டார். சூயிங்கம் கதையைச் சொன்னேன். “எப்படி மென்னீங்க?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்போதுதான் என் தவறு புரிந்தது.

அதை இங்கே விளக்கமாகச் சொல்கிறேன். நிகோடின் சூயிங்கத்தை மெதுவாகச் சில முறை மெல்ல வேண்டும். நாக்கில் காரமோ சுறுசுறுப்போ தெரிந்தவுடன் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுறுசுறுப்பு அடங்கியதும் மறுபடி மெல்லலாம், மறுபடி வேறு பக்கம் ஒதுக்கலாம். சுமார் அரை மணி நேரம் இப்படிச் செய்யுங்கள். மருந்து வாயின் உட்புறத் தோல் வழியாகத்தான் ரத்தத்தில் சேர வேண்டும். வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் அது வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் வரும். காபி, ஜூஸ், சோடா குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டாலும் வேலை செய்யாது. நானோ காபி குடித்த கையோடு போட்டவன்!

2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என இரண்டு அளவு உண்டு. எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவருக்குப் பொதுவாக 4 தேவைப்படும். மற்றவர்களுக்கு 2 போதும். ஆரம்ப ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, பிறகு இடைவெளியைக் கூட்டி, சுமார் மூன்று மாதத்தில் நிறுத்துவது வழக்கமான முறை. தோலில் ஒட்டும் பட்டையும் இருக்கிறது. அதிகம் புகைத்தவர்களுக்குப் பட்டையும் சூயிங்கமும் சேர்த்துத் தருவது ஒன்றை மட்டும் தருவதைவிட நன்றாக வேலை செய்கிறது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், வேறு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

“நிகோடினை விட நிகோடினா? ஒரு பழக்கத்துக்கு இன்னொரு பழக்கமா?” என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். நம்மை அடிமையாக்குவது நிகோடின். ஆனால் நுரையீரலையும் இதயத்தையும் பெரிதும் கெடுப்பது புகையில் உள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் மற்ற நச்சுகளும். சிகரெட் சில விநாடிகளில் நிகோடினை மூளைக்கு ஏற்றும், அந்த வேகத்தில்தான் அடிமைத்தனம் வளர்கிறது. சூயிங்கம் அதைக் குறைவாக, மெதுவாகத் தருகிறது. அதனால் உடம்பின் தவிப்பு அடங்குகிறது, மனப் பழக்கத்தை மாற்ற நமக்கு அவகாசம் கிடைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் பட்டியலிலும் 2022-இல் சேர்ந்தது.

மனப் பழக்கத்துக்குத்தான் அந்தத் தொலைபேசி. விடும் தேதியை என்னையே சொல்லச் சொன்னார். அதற்கு முன் வீட்டிலுள்ள ஆஷ்ட்ரே, லைட்டர் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னார். ஆசை வந்தால் செய்ய நான்கு விஷயம் கற்றுத் தந்தார்: கொஞ்சம் தள்ளிப் போடு, ஆழமாக மூச்சு விடு, தண்ணீர் குடி, வேறு வேலை பார். ஓர் ஆசை அலை சில நிமிடம்தான் நிற்கும், அதைக் கடந்தால் போதும் என்றார். அதன் பிறகு குறித்த நாட்களில் அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

இரண்டரை மாதம் நன்றாகப் போனது. பிறகு ஒரு சாவு வீட்டில், பழைய நண்பர்கள் நடுவில், யாரோ நீட்டிய சிகரெட்டை வாங்கிவிட்டேன். அன்று ஒன்று, மறுநாள் மூன்று. அந்த வாரம் அவர்களிடமிருந்து அழைப்பு வந்தது. வெட்கத்தில் எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுத்து, “தோத்துட்டேம்மா” என்றேன். அவர், “எழுபத்தஞ்சு நாள் பிடிக்கலை, ரெண்டு நாள் பிடிச்சிருக்கீங்க. இதுல தோல்வி எங்கேங்க ஐயா?” என்றார். அந்தக் கேள்வி இல்லையென்றால் இன்றும் நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் நின்றிருப்பேன்.

புகைப்பவர் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் இரண்டு வாரம் அவர் கோபப்படுவார், பொறுத்துக்கொள்ளுங்கள். இடையில் ஒன்று பிடித்துவிட்டால், “எனக்கு அப்பவே தெரியும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “மறுபடி எப்ப ஆரம்பிக்கலாம்?” என்று கேளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். அபராதப் பலகைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், அந்த எண்ணையும் எழுதி வையுங்கள். வசூலாகும் அபராதத்தில், நம் வாட்ச்மேன்களோ துப்புரவுப் பணியாளர்களோ பீடியை விட விரும்பினால் அவர்களுக்குச் சூயிங்கம் வாங்கித் தரலாம். இதையும் தீர்மானமாகக் கொண்டுவர நான் தயார்.

புகைப்பவர்களே, விட்டு 20 நிமிடத்திலேயே இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஒரு வருடத்தில் இதய நோய் அபாயம் புகைப்பவருக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதியாகிறது. எத்தனை வயதில் விட்டாலும் லாபம்தான். தனியாக அழைக்கக் கூச்சமாக இருந்தால் காலை ஐந்தரை மணிக்குப் பூங்காவில் நடந்துகொண்டிருப்பேன், வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானே எண்ணைப் போட்டுத் தருகிறேன்.