வீட்டு முகவரியும் தொழில் முகவரியும்

(நமது குடியிருப்பின் சமூகக் கூடத்தில் பொங்கல் விழாவை ஒட்டி உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



செயலாளர் சார் போன வாரம் லிஃப்டில் பார்த்தபோது, "பம்பாயில அத்தனை வருஷம் இருந்தீங்களே, அதைப் பத்தி ஒரு கால் மணி நேரம் பேசுங்க" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். பம்பாயில் எதைப் பற்றி என்று யோசித்தபோது தாராவிதான் ஞாபகத்துக்கு வந்தது. 'நாயகன்' 1987-இல் வந்தது, 'காலா' 2018-இல் வந்தது. தாராவியை நீங்கள் பெரும்பாலும் அந்த இரண்டு படங்களில்தான் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் தாதாதான் கதாநாயகன். எனக்கு அங்கே ஒரு தாதாவும் கண்ணில் படவில்லை. கடன் கேட்டு வந்தவர்களைத்தான் தெரியும்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். சயான் பக்கத்துக் கிளையில் இருந்தபோது, சிறு தொழில் கடனுக்கு விண்ணப்பித்தவர்களின் இடத்தை நேரில் போய்ப் பார்த்துக் குறிப்பு எழுதுவது என் வேலை. விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று வீட்டு முகவரி, இன்னொன்று தொழில் நடக்கும் முகவரி. தாராவியிலிருந்து வரும் விண்ணப்பங்களில் இரண்டிலும் ஒரே முகவரியை எழுதியிருப்பார்கள். ஆரம்பத்தில், படிவத்தைச் சரியாகப் படிக்காமல் நிரப்பிவிட்டார்கள் என்று நினைத்து ஒன்றிரண்டைத் திருப்பி அனுப்பினேன். நேரில் போன பிறகுதான் அவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்தது.

இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் நடுவே, மாஹிம், சயான், மாட்டுங்கா ஸ்டேஷன்களுக்கு இடையில், இரண்டு அல்லது இரண்டரை சதுர கிலோமீட்டர் நிலம். அதற்குள் 6 லட்சம் பேர் என்பார்கள், 10 லட்சம் என்பார்கள். ஒரு காலத்தில் சதுப்பும் கோலி மீனவர்களின் குடியிருப்புமாக இருந்த இடம். பிறகு சௌராஷ்டிரத்துக் குயவர்கள், நம் திருநெல்வேலிக்காரர்கள், தமிழ்நாட்டிலிருந்து போன முஸ்லிம் தோல் வியாபாரிகள், உத்தரப் பிரதேசத்துத் தையற்காரர்கள், பீகார்க்காரர்கள் என்று வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அங்கே காமராஜர் பெயரில் பள்ளிக்கூடமும் இருக்கிறது.

முதலில் நம் ஊர்க்காரர்கள். விடியற்காலை நான்கு மணிக்கு அந்தச் சந்துகளில் போனால் கேட்பது கிரைண்டர் சத்தம். ஒரே அறையில் நான்கைந்து ஆண்கள், பெரும்பாலும் நெல்லைப் பக்கத்து ஆட்கள். அந்த அறையிலேயே மாவு அரைத்து, இட்லி ஊற்றி, வடை சுட்டு, சட்னியும் சாம்பாரும் வைத்து, அலுமினியப் பாத்திரங்களில் நிரப்பி சைக்கிளில் கட்டுவார்கள். ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்கிக்கொண்டு போனால் பம்பாய்க்காரர்கள் பாத்திரத்தோடு இறங்கி வருவார்கள். மதியத்துக்குள் விற்றுவிட்டுத் திரும்பி, பாத்திரம் கழுவி, அரிசி ஊறப்போட்டு, அதே தரையில் பாய் விரித்துப் படுப்பார்கள். இந்த அறைக்கு 'வீடு' என்ற கட்டத்தில் டிக் போடுவதா, 'தொழில்' என்ற கட்டத்திலா? சொல்லுங்கள்.

அப்பளம் இடும் பெண்கள் இன்னொரு விதம். ஒப்பந்தக்காரரிடம் மாவு வாங்கி வந்து, வீட்டு வாசலில் உட்கார்ந்து தேய்ப்பார்கள். கூலி கிலோ கணக்கில். தேய்த்ததைக் காய வைக்க வீட்டுக்குள் இடம் கிடையாது. சந்து அகலமாகும் இடத்தில் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் பரப்புவார்கள். வெயில் நகர நகரக் கூடையும் நகரும். பக்கத்து வீட்டுக் குழந்தையின் வேலை காக்காய் விரட்டுவது. யாரும் யாரையும் 'இது பொது இடம்' என்று கேட்பதில்லை. (போன மே மாதம் நம் மொட்டை மாடியில் பி பிளாக் மாமி வடாம் காயப்போட்டதற்கு வாட்ஸ்அப்பில் மூன்று நாள் நடந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அந்தச் சண்டையில் நானும் இருந்தேன்.)

எனக்கு அதிகம் பழக்கம் கும்பார்வாடாவில். குயவர்கள் தாராவிக்கு வந்தது 1930-களில். நகரம் வளர வளர வேறு இடங்களிலிருந்து தள்ளப்பட்டு அங்கே வந்தவர்கள். அவர்கள் வீடு நீளமானது. ஒரு வாசல் தெருப் பக்கம், அங்கே பானைகளை அடுக்கி விற்பார்கள். நடுவில் சமையலும் படுக்கையும். இன்னொரு வாசல் பின்னால் இருக்கும் பொது முற்றத்தில் திறக்கும். சூளை அங்கேதான். இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே இருக்கும் சூளைகளை முறை வைத்துப் பயன்படுத்துவார்கள். மண்ணைப் பதப்படுத்துவதிலிருந்து காய்ந்த பானையை வெளியே எடுத்து வைப்பதுவரை பாதி வேலை பெண்களுடையது, ஆனால் கடன் விண்ணப்பத்தில் அவர்கள் பெயர் வராது. மழைக்காலத்தில் பானை காயாது. அப்போது கட்டிலுக்கு அடியில், பரணில், அடுப்பங்கரையில் எங்கும் பச்சைப் பானைதான். தீபாவளிக்கு முந்திய மாதங்களில் அகல் விளக்குகள் மலை மாதிரி குவிந்திருக்கும்.

சூளைக்கு எரிபொருள் என்ன தெரியுமா? கழிவுப் பஞ்சும் துணியும். சற்றுத் தள்ளியிருக்கும் தையற்கூடங்களில் வெட்டி விழுந்த துண்டுகள் மூட்டையாகக் கும்பார்வாடாவுக்கு வந்துவிடும். தாராவி முழுக்க இப்படித்தான், ஒருவர் பெருக்கித் தள்ளுவது அடுத்தவருக்குச் சரக்கு. '13-வது காம்பவுண்ட்' என்ற பகுதியில் பம்பாய் முழுவதும் தூக்கிப் போட்ட பிளாஸ்டிக் வந்து சேரும். கையால் தரம் பிரித்து, அரைத்து, கழுவி, தகரக் கூரை மேல் காயப்போட்டு, உருக்கிக் குருணையாக்கி விற்பார்கள். நசுங்கிய எண்ணெய் டின்களைக் கொதிநீரில் கழுவி, சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, திரும்ப விற்பவர்களும் உண்டு. தோல் தொழிலில் பதனிடும் வேலை பெரும்பாலும் போய்விட்டது. 1971-இல் பாந்த்ராவிலிருந்த இறைச்சிக் கூடம் தேவ்னாருக்கு மாறியதிலிருந்து அது குறையத் தொடங்கியது. ஆனால் சென்னையிலிருந்தும் கான்பூரிலிருந்தும் பதனிட்ட தோல் வருகிறது. ஒரு அறையில் வெட்டுவார்கள், அடுத்த அறையில் ஓரம் சீவுவார்கள், மாடியில் தைப்பார்கள். பர்ஸும் பெல்ட்டும் பெயர் இல்லாமல் வெளியே போய், வேறு யாருடைய பெயரிலோ கடைக்கு வரும்.

இதையெல்லாம் அழகாக இருக்கிறது என்று சொல்ல நான் வரவில்லை. சூளைப் புகையில் அரை மணி நேரம் நின்றால் எனக்குக் கண் எரிந்து இருமல் வந்துவிடும். அந்தப் புகையில் குழந்தைகள் வளர்கிறார்கள். கழிப்பறைக்கு வரிசை. பிளாஸ்டிக் உருக்கும் அறையில் முகமூடி கிடையாது, முதலாளியும் கேட்க மாட்டார், தொழிலாளியும் கேட்க மாட்டார். அங்கே இருக்கும் யாரைக் கேட்டாலும் நல்ல வீடு வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

வீடு தருகிறோம் என்று அரசாங்கமும் பல ஆண்டுகளாகச் சொல்கிறது. 2004-இல் ஒரு திட்டம் வந்து நின்றுபோனது. 2022-இல் டெண்டர் முடிந்து இப்போது நகர்கிறது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று உள்ளவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கும், இரும்பு ஏணி வைத்து ஏறும் மேல்மாடிகளில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் வீடு, அதற்குப் பணமோ வாடகையோ கட்ட வேண்டும். சொந்தக் கழிப்பறை, குழாயில் தண்ணீர், லிஃப்ட். இதில் எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கோ உங்களுக்கோ உரிமை இல்லை.

ஆனால் பிளாட் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். சுவருக்குள் இருப்பது நம்முடையது, கதவுக்கு வெளியே பொது. அந்தப் பொது இடத்தில் செருப்பு ஸ்டாண்ட் வைத்தாலே சங்கத்திலிருந்து கடிதம் வரும். தாராவியில் தொழிலின் பாதி அந்தக் கதவுக்கு வெளியேதான் நடக்கிறது. அப்பளக் கூடை நிற்கும் சந்து, பிளாஸ்டிக் காயும் கூரை, சூளை இருக்கும் முற்றம், இட்லி சைக்கிள் நிற்கும் வாசல், இவை எதுவும் 350 சதுர அடிக் கணக்கில் வராது. தையற்காரரும் குயவரும் இருபது கிலோமீட்டர் தள்ளித் தள்ளிக் குடியேறினால் துணி மூட்டைக்கும் லாரி வாடகை வந்துவிடும்.

மாதா மாதம் பராமரிப்புக் கட்டணமும் இருக்கிறது. லிஃப்ட் கேபிள் மாற்றுவதற்குப் போன வருஷம் நாம் எத்தனை கூட்டம் போட்டோம்? சம்பளமும் பென்ஷனும் வாங்கும் நமக்கே அந்தப் பாடு. முதல் சில ஆண்டுகளுக்கு அங்கே பராமரிப்பு இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதன் பிறகு, வீடு இருக்கும், தொழில் போயிருக்கும் என்றால் அந்தக் கட்டணத்தை எதிலிருந்து கட்டுவார்கள்? வாங்கிய வீட்டை விற்றுவிட்டு இன்னொரு குடிசைப் பகுதிக்குப் போவார்கள். போன பிறகு, 'இவர்களுக்கு வீடு கொடுத்தாலும் இருக்க மாட்டார்கள்' என்று நாமே பேசுவோம்.

வேறு வழி இல்லையா என்று சி பிளாக் நண்பர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். பொறியாளர்கள் அவரைப் போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் பார்த்த அளவில், எல்லாருக்கும் ஒரே அச்சில் வீடு கட்டாமல், அப்பளம் இடுபவர்களுக்கு வெயில் விழும் அகலமான நடை, குயவர்களுக்குத் தரைத்தளமும் புகை குறைந்த பொதுச் சூளையும், சேர்ந்து தொழில் செய்பவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் என்று முதலிலேயே கேட்டு வரைந்தால் பாதிப் பிரச்சினை தீரும். வரைபடம் போடும் முன் அந்த ஊரில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்து ராத்திரிவரை உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கும்பார்வாடாவில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "சாஹேப், ஏழாவது மாடி கொடுத்தால் மண் எப்படி மேலே போகும்? பானை எப்படிக் கீழே வரும்? லிஃப்டில் விடுவார்களா?" நம் லிஃப்டில் வீடு மாற்றுகிறவர்களின் சாமானை ஏற்ற விடாத போர்டு எனக்கு ஞாபகம் வந்தது. பதில் சொல்லவில்லை.

பம்பாய்க்குப் போகிறவர்கள் வழி கேட்டிருந்தீர்கள். சயான் ஸ்டேஷனில் இறங்கி 90 அடி ரோடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், கும்பார்வாடாவை அங்கேயே விசாரித்துக்கொள்ளலாம். அகலோ தொட்டியோ வேண்டுமானால் நேரடியாக அவர்களிடமே வாங்குங்கள். போன் கேமராவை மட்டும் பையிலேயே வைத்திருங்கள், நீங்கள் சந்து என்று நினைத்துப் படம் எடுப்பது ஒருவருடைய அடுப்பங்கரையாக இருக்கும்.