மலைப்பாதையும் மோட்டார்ச் சக்கரமும்



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர்க்கு ஊர்ப் பிரயாணம் என்றால் முன்பெல்லாம் ரயில் பிரயாணம்தான். இன்றோ பலர் சொந்தக் காரிலேயே வந்துவிடுகின்றனர். பாலக்காட்டு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீருமேடு மலைகளிலும் உற்றார் உறவினரை உடைய தமிழர் பலர். அவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு விஷயத்தை இன்று கூற விரும்புகிறோம்.

புனேயில் பணிபுரியும் நம் தமக்கையின் மகன் மிகுந்த வேகமும் வலிவும் உடைய கார் ஒன்றை வாங்கினான். தை மாதத்தில் சித்தூருக்கு வந்து, தாயை மூணாறுக்கு அழைத்துச் செல்வது அவன் எண்ணம். "மாமா, மூணாறில் உறைபனி விழுகிறதாம். ஐரோப்பாவில் குளிர்காலம் வந்தால் டயரையே மாற்றிவிடுகிறார்கள். நானும் பனிக்கால டயர் நான்கு வாங்கி மாட்டட்டுமா?" என்று தொலைபேசியில் கேட்டான்.

கேள்வி நியாயமானதே. இஞ்சின் எத்துணை வலிவுடையதாயினும், அவ்வலிவு சாலையைச் சென்றடைவது நான்கு டயர்களின் வழியாகத்தான். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவே. ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பற்றினால்தான். அந்தப் பற்றோ ரப்பரின் மென்மையைப் பொறுத்தது. மென்மை சீதோஷ்ணத்தைப் பொறுத்தது.

விரைவுக் கார்களுக்கென்று செய்யப்படும் கோடைக்கால டயர், வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விறைக்கத் தொடங்கிப் பற்றை இழக்கிறது. பனிக்கால டயரின் ரப்பர்க் கலவை அக்குளிரிலும் மென்மை மாறாதது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறினாற்போன்ற எண்ணற்ற நுண்பிளவுகள் உண்டு. அவை பனியைக் கவ்விப் பிடிக்கும். மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள் பனிச்செதிலின் வடிவும் அதன் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். ஜெர்மனியில் பனி படிந்த சாலையில் இத்தகைய டயர் இன்றி ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

ஆனால் நம் மலைகளின் நிலை வேறு. 2019 ஜனவரியில் மூணாறில் வெப்பநிலை பூஜ்யத்திற்கும் கீழே இறங்கியது உண்மையே. எனினும் அந்த உறைபனி பெரும்பாலும் தேயிலைச் சரிவுகளிலும் புல்வெளிகளிலும் படிந்து, வெயில் ஏறியதும் கரைந்துவிடுவது. சித்தூரிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு செல்பவர், அதே ஜனவரியிலும் நண்பகலில் 30 டிகிரி வெயிலில்தான் சமவெளியைக் கடக்கவேண்டும். அச்சாலையில் பனிக்கால டயர் அளவு மீறி இளகும், விரைவில் தேயும், பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்க அதிக தூரம் பிடிக்கும். சில மணி நேரக் குளிருக்கு அஞ்சி, நாள் முழுவதும் ஆபத்தைச் சுமந்து செல்வது அறிவுடைமை ஆகுமா?

இம்மலைகளில் நாம் அஞ்சவேண்டுவது பனிக்கு அன்று, மழைக்கே. இதை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாலையில், போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூருக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. பின் இருக்கையில் தமக்கையார் இருந்தார். புறப்படுமுன் டயர்களைப் பார்த்த கடைக்காரர், "இன்னும் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும்" என்று கூறியிருந்தார், நாமும் நம்பினோம். ஒரு வளைவில் மழைநீர் சாலையின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கை அழுத்தினோம். வண்டியின் பின்பாகம் வெளிப்புறமாக வழுக்கி, கைப்பிடிச் சுவரை உரசி நின்றது. சுவருக்கு அப்பால் வெறும் பள்ளத்தாக்கு. தமக்கையார் நெடுநேரம் வாய் திறக்கவில்லை. இறங்கிப் பார்த்தபோது, பின் டயர்களின் பள்ளங்கள் கிட்டத்தட்ட மறைந்திருந்தன.

டயரில் உள்ள பள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள். அவை தூர்ந்தால் டயர் சாலையை விட்டு நீரின்மேல் மிதக்கும். அகன்ற டயர் இன்னும் எளிதில் மிதக்கும். 1.6 மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழமுள்ள டயர் நம் நாட்டுச் சட்டப்படி ஓட்டத் தகாதது. மழைக்கால மலைப்பாதைக்கோ, 3 மில்லிமீட்டர் ஆனதுமே மாற்றிவிடுவது நலம்.

ஆகவே மருமகனுக்கு நாம் கூறியவை இவை: பனிக்கால டயர் வேண்டாம். மிகுவேகக் கோடை டயரும் மூணாற்று விடியற்குளிருக்கு ஏற்றதன்று. எல்லாப் பருவத்திற்கும் உரிய நல்ல டயரை, கார் செய்தவர் குறித்துள்ள அளவிலும் பாரத்திறனிலும் வேகக் குறியிலும் பார்த்து வாங்கு. நான்கும் ஒரே வகையாக இருக்கட்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். புறப்படுமுன், டயர் சூடேறாதிருக்கையில் காற்றழுத்தத்தைச் சரிபார். மாற்று டயரையும் மறவாதே.

இமாசலத்திலும் காஷ்மீரத்திலும் பனி மூடிய சாலைகளில் வண்டி ஓட்டும் நேயர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் பனிக்கால டயரை அவசியம் மாட்டவேண்டும். நான்கு சக்கரங்களிலும் மாட்டவேண்டும். வெயில் காலம் வந்ததும் கழற்றிவிடவும் வேண்டும்.

இடுக்கியின் தாழ்ந்த சரிவுகளில் ரப்பர் மரம் சொட்டுச் சொட்டாகப் பால் வடிக்கிறது. அந்தப் பாலில் விளைந்த பொருளை நம்பித்தான் நாம் மலை ஏறுகிறோம்.

மருமகன் தை மாதத்தில் வந்தான். மூணாறிலிருந்து திரும்பும் நாளில், வெயில் சாலையில் விழும்வரை தாயும் மகனும் தேநீர் அருந்திக் காத்திருந்தனராம். பிறகு நிதானமாக மலை இறங்கினராம். "இந்த முறை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன்" என்றார் தமக்கையார்.