நம் பிள்ளைகள் நம்மோடுதான் இருக்கிறார்களா?

(திருக்குடும்ப விழாவன்று வானொலியில் ஒலிபரப்பான அருளுரை)



இன்றைய நற்செய்தி நமக்கு நன்கு தெரிந்த பகுதி (லூக்கா 2:41-52). பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்ற யோசேப்பும் மரியாவும் ஊர் திரும்புகிறார்கள். பன்னிரண்டு வயது இயேசு அவர்களோடு வரவில்லை. ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. உறவினரோடு எங்கேயாவது வந்துகொண்டிருப்பார் என்று எண்ணி ஒருநாள் பயணத்தொலை நடந்துவிடுகிறார்கள். அதன் பிறகுதான் தேடத் தொடங்குகிறார்கள்.

மரியாவும் யோசேப்பும் பொறுப்பற்ற பெற்றோர் அல்லர். ஆனாலும் பிள்ளை கூடவே இருக்கிறார் என்று ஒருநாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நம் வீடுகளில் இதே நினைப்பில் எத்தனை நாள்கள் கழிகின்றன? பிள்ளை வீட்டில்தான் இருக்கிறான், நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் ஒரு கைபேசி, நம் கையில் ஒன்று. கூடவே இருக்கிறான் என்று நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

உங்களைக் குறை சொல்வதற்கு முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை வீடு மந்திரிக்கச் சென்றபோது, இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி என் அங்கியைப் பிடித்து இழுத்து, "ஃபாதர், உங்களுக்குக் கதை தெரியுமா?" என்று கேட்டாள். "சும்மா இரு, ஃபாதருக்கு வேலை இருக்கு" என்றார் அம்மா. நானும், "அப்புறம் சொல்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். பதினொரு வீடுகளுக்குத் தீர்த்தம் தெளித்தேன். ஒரு குழந்தைக்கு ஒரு கதை சொல்ல எனக்கு நேரமில்லை. அன்று இரவு செபிக்க உட்கார்ந்தபோது அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது.

பத்து நாள் கழித்து, படம் போட்ட விவிலியக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். யோனாவின் கதையை வாசித்தேன். அப்பாவும் அம்மாவும் மரியாதைக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மீன் வயிற்றுக்குள் யோனா இருக்கும் இடம் வந்தபோது, சிறுமி அப்பாவைப் பார்த்து, "உள்ளே இருட்டா இருக்குமேப்பா, நீங்க எப்பவாவது அப்படிப் பயந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, பதினாறு வயதில் வேலை தேடித் தனியாக நகரத்துக்கு வந்து, பேருந்து நிலையத்தில் படுத்து அழுத முதல் இரவைப் பற்றிச் சொன்னார். அவருடைய மனைவியும் அதை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். நான் வாசித்தது பாதிக் கதைதான். மீதிக் கதையை அந்தக் குடும்பமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது.

அன்பானவர்களே, சேர்ந்து வாசிப்பதன் பயன் இதுதான். புத்தகம் ஒரு சாக்கு. அதைச் சாக்காக வைத்துப் பிள்ளை தன் பயத்தைச் சொல்கிறது. பெற்றோரும் தங்கள் மனத்தைத் திறக்கிறார்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் தம் சிறுவயதைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தி, வானொலி கேட்கும் நமக்கு மிகவும் பொருந்தும். புவெனஸ் ஐரஸ் நகரில் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு வானொலியில் இசை நாடகம் ஒலிபரப்பாகும். அவருடைய அம்மா மூத்த பிள்ளைகள் மூவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, தொடங்குமுன் கதையை விளக்குவாராம். முக்கியமான பாட்டு வரும்போது கவனிக்கச் சொல்லுவாராம். பெற்றோர் தம்மை அடிக்கடி திரைப்படங்களுக்கு அழைத்துச் சென்றதையும் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். வானொலியை முடுக்கிவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தால் அந்த அம்மாவுக்கு வேலை முடிந்திருக்கும். அவரோ கூடவே உட்கார்ந்தார். பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் மகன் அதை மறக்கவில்லை.

திரைப்படமும் அப்படித்தான். பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனால் அது வெறும் பொழுதுபோக்கு. சேர்ந்து பார்த்தால் அதுவே ஒரு பாடம். ஈரான் நாட்டு இயக்குநர் மஜித் மஜிதி 1997-இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். தங்கையின் காலணியைத் தைத்து வாங்கி வரும் வழியில் அண்ணன் அலி தொலைத்துவிடுகிறான். வீட்டில் வறுமை. அப்பாவிடம் சொல்லாமல், ஒரே சோடிக் காலணியை இருவரும் மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசாகக் காலணி கிடைக்கும் என்று அறிந்து அலி ஓடுகிறான். ஆனால் முதலாவதாக வந்துவிடுகிறான்! எல்லாரும் தூக்கிக் கொண்டாட, அவன் அழுகிறான். தங்கைக்கு முன் வெறுங்கையோடு நிற்கிறான். அவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும்: அப்பாவின் மிதிவண்டியில் புதுக் காலணிகள் வந்துகொண்டிருக்கின்றன.

இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு பாருங்கள். முடிந்ததும் உடனே எழுந்து போகாதீர்கள். "அலி ஏன் அழுதான்?" என்று மட்டும் கேளுங்கள். நாம் கேட்குமுன்பே நம் தேவையை அறிந்திருக்கும் விண்ணகத் தந்தையைப் பற்றி (மத்தேயு 6:8) அதன் பிறகு பேசுவது எளிது. ஆனால் எல்லாக் கதைக்கும் கடைசியில் நீதி சொல்லியே தீரவேண்டும் என்பதில்லை. சில கதைகளைப் பிள்ளையின் மனத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். விதைத்தவன் உறங்கும்போதும் விதை வளர்கிறது அல்லவா?

"ஃபாதர், வேலை முடிந்து வரவே இரவு ஒன்பது மணி ஆகிறது" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. உங்கள் உழைப்பை அறிவேன். பெரிதாக எதையும் நான் கேட்கவில்லை. இரவுச் செபம் முடிந்ததும் பத்து நிமிடம், ஒரு கதை. புத்தகம் வாங்க வசதியில்லையா? கிளை நூலகத்தில் இருக்கிறது. எழுத்து தெரியாத பாட்டியா? பாட்டியிடம் இல்லாத கதையா! மாதம் ஒரு படம், எல்லாரும் சேர்ந்து. ஞாயிறு மாலை தாயமோ பரமபதமோ பல்லாங்குழியோ. இப்போது உங்கள் வீட்டில் குடில் இருக்கிறதே, அதற்கு முன்னால் பாயை விரியுங்கள். 1223-இல் கிரேச்சோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் உண்மையான மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டு வந்து கிறிஸ்து பிறப்பைக் காட்டினார், மக்கள் கண்ணால் காண வேண்டும் என்று. இன்றிரவு குடிலில் இருக்கும் ஓர் இடையரையோ ஆட்டுக்குட்டியையோ காட்டி, "இவர் கதையை நீ சொல்லு" என்று பிள்ளையிடம் கேளுங்கள். நீங்கள் கேட்பவராக இருங்கள்.

மூன்று நாளுக்குப் பின் இயேசுவைக் கண்டுபிடித்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? பெரியவர்கள் நடுவில் அமர்ந்து, கேட்டுக்கொண்டும் கேள்வி எழுப்பிக்கொண்டும் இருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தேடுவது அந்த இடத்தைத்தான். நம் வீடும் அப்படிப்பட்ட இடமாக வேண்டும். பின்னாளில் இயேசு சொன்ன கதைகளைப் பாருங்கள்: மாவில் கலந்த புளிப்புமாவு, கிழிந்த துணிக்கு ஒட்டு, விளக்கேற்றி வீட்டைப் பெருக்கும் பெண். அவற்றில் நாசரேத்து வீட்டின் வாசனை அடிக்கவில்லையா?

பிள்ளை நம்மோடுதான் இருக்கிறது என்று எண்ணி நடந்துகொண்டிருக்கும் நாம், இன்று ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்ப்போம். தேடிச் சென்று, பக்கத்தில் உட்காருவோம்.

செபிப்போம்: அன்புத் தந்தையே, எங்கள் பிள்ளைகளுக்காக உழைக்கும் எங்களுக்கு, அவர்களோடு அமர்ந்திருக்கவும் கற்றுத் தாரும். இயேசு, மரி, சூசையே, எங்கள் இல்லங்களில் தங்கியிருங்கள். ஆமென்.