மலைநாட்டார் மேலங்கி யாருடையது?

கருங்கடலுக்கும் காசுப்பியன் கடலுக்கும் இடையே மதில்போல் நீண்டு கிடப்பது காக்கேசிய மலைத்தொடர். அதன் நீளம் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர். எல்பிரூசு என்னும் அதன் கொடுமுடி 5,642 மீற்றர் உயரமுடையது. அம்மலையின் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மொழி வழங்குவதைக் கண்டு வியந்த பழைய அராபியப் புவியியலார் அதனை ‘மொழிகளின் மலை’ என்று அழைத்தனர். மொழியால் வேறுபட்ட அம்மக்கள் உடையால் மட்டும் ஒருவரையொருவர் பெரிதும் ஒத்திருந்தனர். அந்த ஒற்றுமையே இன்று அவர்களிடையே ஒரு பெரும் வழக்கிற்குக் காரணமாகி நிற்கின்றது.

‘காக்கேசியர்’ என்றதும் வெள்ளை நிறத்தார் அனைவரையும் நினைப்பது ஒரு பழைய மயக்கம். 1795ஆம் ஆண்டில் புளூமென்பாக் என்னும் செருமானிய அறிஞர், ஜோர்ஜிய மண்டையோடு ஒன்றின் அழகில் ஈடுபட்டு, ஐரோப்பிய இனத்தார்க்கு அப்பெயரைச் சூட்டினார். அதனால் விளைந்த மயக்கம் அது. ஈண்டுப் பேசப்படுவோர் அம்மலையிலேயே பிறந்து வளர்ந்த மக்கள்: சேர்க்காசியர், ஜோர்ஜியர், அப்காசியர், ஒசெத்தியர், செச்சினியர், இங்குசியர், தாகெசுத்தான் நாட்டு அவாரியர் முதலியோர்.

இவர்தம் ஆடவர் அணிந்த மேலங்கியைப் படங்களிற் பலரும் கண்டிருப்பர். கழுத்துப்பட்டை இல்லாதது, மார்பு திறந்து உள்ளங்கி தெரிய நிற்பது, இடையில் இறுகி, இடைக்குக் கீழே விரிந்து, முழங்காலுக்குக் கீழும் தாழ்வது. வீட்டுப் பெண்டிர் நூற்று நெய்த கம்பளித் துணியே அதற்கு உரியது. மெல்லிய தோற் கச்சையின் முன்புறத்தே குத்துவாள் தொங்கும். மார்பின் இருமருங்கும் எட்டும் பத்துமாகச் சிறு குழல்கள் வரிசையாகச் செருகப்பட்டிருக்கும். தலையில் ஆட்டுத்தோற் குல்லாய். மழைக்கும் பனிக்கும் மேலே ஒரு தடித்த கம்பளப் போர்வை. குதிரைமீது இவ்வுடையில் அமர்ந்தவனைப் போல மிடுக்குடையார் எவருமிலர் என்று 19ஆம் நூற்றாண்டின் பயணிகள் பலரும் எழுதினர்.

இவ்வங்கி யாருடையது? இதுவே வழக்கு.

ஜோர்ஜியர் இதனைச் ‘சோகா’ என்பர். தம் நாட்டின் தேசிய உடை இதுவே என்பர். சேர்க்காசியர் தம் மொழியில் இதனைச் ‘சியே’ என்பர்; தம் முன்னோர் படைத்து மலைநாடு முழுவதற்கும் வழங்கிய உடை இது என்பர். ஒசெத்தியர், தம் மூதாதையராகிய ஆலானியரின் உடை என்பர். செச்சினியரும் அவாரியரும், தம் பாட்டன்மார் இதனை அணிந்தே போர்க்களத்தில் வீழ்ந்தனர் என்பர். அசர்பைசானியர்க்கும் ஆர்மீனியர்க்கும் ‘சுகா’ என்னும் பெயரில் இது பழகிய உடையே. உருசியர் இதற்கு இட்ட பெயர் ‘செர்க்கெசுக்கா’. அதன் பொருள் ‘சேர்க்காசிய உடை’ என்பதாம்.

பெயரைக் கொண்டே தீர்ப்புக் கூற முற்படுவோர் இரு திறத்தும் உளர். உருசியச் சொல்லே சான்று என்று ஒரு சாரார் கூறுவர். ‘சோகா’ என்னும் சொல்லின் பழமையே சான்று என்று மற்றொரு சாரார் கூறுவர். ஆயின் உருசியச் சொல், உருசியர் அவ்வுடையை முதலில் யாரிடம் கண்டனர் என்பதைக் காட்டுமேயன்றி, அதை முதலில் யார் தைத்தனர் என்பதைக் காட்டாது. ‘சோகா’ என்பதோ பாரசீகத்திலும் துருக்கியிலும் கம்பளித் துணிக்கும் கம்பளி அங்கிக்கும் வழங்கிய சொல்லோடு உறவுடையது. துணியின் பெயர் அங்கிக்கு ஆகிவருதல் எம்மொழியிலும் உண்டு. ஆகவே பழைய ஏட்டில் ‘சோகா’ என்று காணப்படின், அங்கே குறிக்கப்பட்டது இன்று நாம் காணும் அங்கிதான் என்று துணிதற்கில்லை. பெயர் பழையதாயிருக்க, பொருள் புதியதாயிருத்தல் கூடும்.

எனவே வழக்கைத் தீர்க்க விரும்புவோர் அங்கியைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். வெட்டு வேறு, குழல் வேறு, பெயர் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரலாறு உண்டு.

முதலில் வெட்டினை நோக்குவோம். முன்புறம் திறந்து, இடையில் இறுகி, கீழே விரியும் அங்கி குதிரை ஏறுவோர்க்கு இயல்பானது. மத்திய ஆசியப் புல்வெளிகள் தொடங்கிப் பாரசீகம் வரையில் அவ்வகை அங்கிகள் தொன்றுதொட்டு வழங்கின. வடமேற்குக் காக்கேசியாவில், பெரிய லாபா ஆற்றங்கரையில், மொசுச்சேவயா பால்க்கா என்னும் இடத்துப் பாறைக் கல்லறைகளில் 8ஆம், 9ஆம் நூற்றாண்டுகளுக்குரிய ஆடைகள் பழுதின்றிக் கிடைத்தன. உலர்ந்த மலைக்காற்று அவற்றைக் காத்து வைத்திருந்தது. அவற்றுட் சிறந்த ஓர் அங்கி இன்று சென்பீற்றர்சுபேர்க்கின் எர்மித்தாசு அரும்பொருளகத்தில் உள்ளது. நாய்த் தலையும் பறவை உடலுமுடைய ‘சென்முர்வு’ என்னும் பாரசீகப் புராண விலங்கு பொறித்த பட்டினால் தைத்து, அணில் மயிரால் உள்ளே புறணியிட்ட அங்கி அது. பட்டுப் பாதையின் கிளைவழி ஒன்று அம்மலைக் கணவாய்களின் ஊடாகச் சென்றமையால், வணிகர் செலுத்திய சுங்கமாகவும் கூலியாகவும் பட்டு அம்மக்கள் கைக்கு வந்தது என்று ஆய்வாளர் கருதுவர்.

இக்கல்லறைக்கு உரியோர் யாவர்? ஆலானியரும் சேர்க்காசியரின் முன்னோரும் கலந்து வாழ்ந்த நிலம் அது. ஆகவே ஒசெத்தியரும் உரிமை கோருவர், சேர்க்காசியரும் உரிமை கோருவர். அங்கியின் துணி அயல்நாட்டிலிருந்து வந்தது. உருவம் பாரசீகக் கற்பனை. தைத்த கை மலைநாட்டுக் கை. ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அங்கியில் இத்தனை நாடுகள் கூடியிருந்தன என்பதே அக்கல்லறை தரும் பாடம்.

அடுத்து மார்பின் குழல்கள். இவையே இவ்வங்கியை உலகின் பிற அங்கிகளினின்றும் வேறுபடுத்துவன. இன்று அணியாக மின்னும் இவை முன்னாளில் உயிர்காக்கும் கருவிகளாயிருந்தன. துப்பாக்கியின் வாய்வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டித்துச் சுட்ட காலம் அது. ஓடும் குதிரைமீது இருப்பவன் மருந்தை அளந்து கொண்டிருக்க முடியுமா? ஆகையால் ஒரு வேட்டுக்கு வேண்டிய மருந்தை முன்னரே அளந்து, மரத்தாலோ எலும்பாலோ ஆன குழலில் அடைத்து, கைக்கு எட்டும் மார்பிலே செருகிக்கொண்டான். முதலில் இக்குழல்கள் தோற் பைகளிலும் வார்களிலும் தனியே கொண்டு செல்லப்பட்டன. அவற்றுக்குரிய பைகள் அங்கியின் மார்போடு சேர்த்துத் தைக்கப்பட்டமை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தெளிவாகத் தோன்றுகின்றது. 17ஆம் நூற்றாண்டில் ஜோர்ஜியாவில் பல்லாண்டு வாழ்ந்த கசுதெல்லி என்னும் இத்தாலியப் பாதிரியார் வரைந்த ஓவியங்கள் இன்றும் உள்ளன. அவற்றிற் காணப்படும் பெருமக்கள் பாரசீக அரசவை உடையை ஒத்த நீண்ட அங்கிகளை அணிந்துள்ளனர்; மார்பிற் குழல் வரிசை இல்லை.

இக்குழலுக்குச் சேர்க்காசியர் இட்ட பெயர் ‘அசிர்’ என்பதை ஒத்து ஒலிக்கும்; உருசியர் அதனைக் ‘கசீர்’ என்றனர். ‘ஆயத்தம்’ என்னும் பொருளுடைய ‘ஹாசிர்’ என்ற அராபியச் சொல்லே இதன் மூலம். நீதிமன்றத்தில் ‘ஆஜரானான்’ என்று தமிழில் வழங்குகின்றோமே, அந்த ‘ஆஜர்’ என்பதும் இதே சொல்லின் வழிவந்ததுதான். அராபியத்தில் பிறந்த சொல் ஒன்று, மலைநாட்டு வீரனின் மார்பிலே துப்பாக்கி மருந்தாகவும், தமிழ் வழக்காளியின் வாயிலே வருகைக் குறிப்பாகவும் நிற்கின்றது. இரண்டிடத்தும் பொருள் ஒன்றே: ‘இதோ, ஆயத்தமாக உள்ளேன்’ என்பது.

இவ்வாறு நிறைவு பெற்ற அங்கி மலைநாடெங்கும் பரவியது எவ்வாறு? சேர்க்காசியருள் கபர்தா நாட்டுப் பெருங்குடியினர்க்கு அயலாரிடையே அக்காலத்திற் பெருமதிப்பு இருந்தது. அவர்தம் நடை, உடை, குதிரையேற்றம் ஆகியன அண்டை நாட்டு இளைஞர்க்கு இலக்கணமாயின. உருசியக் கவிஞர் லெர்மொந்தவ் 1840ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நம் காலத்து வீரன்’ என்னும் நாவலின் தலைவன், மலைநாட்டு உடையில் தான் கபர்தியரிலும் மேலான கபர்தியனாகத் தோன்றுவதாகப் பெருமை பேசுகின்றான். வெல்ல வந்தவனே தோற்போனின் உடைக்கு ஏங்கினான் என்பதற்கு இது சான்று.

இந்த ஏக்கம் கதையோடு நிற்கவில்லை. மலைநாட்டாரை எதிர்த்து எல்லையிற் குடியேற்றப்பட்ட கொசாக்கியர், பகைவரின் அங்கி, குத்துவாள், ‘சாசுக்கா’ என்னும் வாள், போர்வை ஆகிய அனைத்தையும் தமதாக்கிக் கொண்டனர். 1860ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குபான் கொசாக்கியப் படைக்கும் தெரெக் கொசாக்கியப் படைக்கும் அதுவே சீருடையாயிற்று. உருசியச் சக்கரவர்த்தியின் மெய்காவலரும் அதனையே அணிந்தனர். ‘சாசுக்கா’ என்ற சொல்லும் ‘பெரிய கத்தி’ எனப் பொருள்படும் சேர்க்காசியச் சொல்லின் திரிபே.

1864ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள், இன்று கிராசுனயா பொலியானா எனப்படும் மலைவெளியில், உருசியப் படை தன் வெற்றி அணிவகுப்பை நிகழ்த்தியது. அப்போரின் முடிவில் பல இலட்சம் சேர்க்காசியர் துருக்கிப் பேரரசுக்குத் துரத்தப்பட்டனர். கடலிலும் கரையிலும் பசியாலும் நோயாலும் மாண்டோர் எண்ணிறந்தவர். அங்கிக்கு உரியோர் நாடிழந்து போயினர். அங்கியோ அவர் நிலத்திற் குடியேறியவர் தோளில் நின்றது. 2014ஆம் ஆண்டிற் சோச்சியில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கின் பனிச்சறுக்குப் போட்டிகள் அதே கிராசுனயா பொலியானாவில் நிகழ்ந்தபோது, பல நாடுகளிற் சிதறி வாழும் சேர்க்காசியர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். இவ்வங்கியைப் பிறர் தமதென்னும்போது சேர்க்காசியர் நெஞ்சு கொதிப்பதேன் என்பது இதனால் விளங்கும். நிலத்தை இழந்தவர்க்கு உடையின் பெயராவது எஞ்சியிருக்க வேண்டும் என்ற ஏக்கம் அது.

ஜோர்ஜியர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கெவ்சூர் மலைநாட்டாரின் குட்டையான அங்கி சிலுவைப் பின்னல்கள் செறிந்தது. அதனை வேறெவரும் அணிந்திலர். கார்த்லி, காகெத்தி நாடுகளின் அங்கிக்கும், அச்சாரா நாட்டு உடைக்கும் தனித்தனி அமைப்புண்டு. பொதுவான காக்கேசிய அங்கியும் பல தலைமுறைகளாக அவர்தம் மணவிழாவிலும் மரணத்திலும் உடனிருந்தது. ஓவியர் பிரொசுமானியின் விருந்துப் படங்களில் அதனை இன்றும் காணலாம். 1921இல் செஞ்சேனை ஜோர்ஜியாவைக் கைப்பற்றிய பின்னர் அவ்வுடை நாளடைவில் அன்றாட வாழ்க்கையினின்றும் மறைந்தது. 1924இன் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய காக்குத்சா சொலொகாசுவிலியின் நினைவோடு கறுப்புச் சோகா இணைந்து நிற்கின்றது. அத்தகைய உடையை ‘அயலாரிடம் இரவல் பெற்றது’ என்று ஒருவர் கூறக் கேட்பின், ஜோர்ஜியர் புண்படுவது இயல்பே.

சோவியத் ஆட்சி இவ்வழக்கை வேறொரு வகையில் முறுக்கியது. ஒவ்வொரு குடியரசுக்கும் ஒரு மொழி, ஒரு நடனம், ஒரு தேசிய உடை என்று வரையறுக்கும் போக்கு அக்காலத்திற் பிறந்தது. சேர்க்காசியரோ அதிகேயர், செர்க்கெசர், கபர்தியர் என மூன்று பெயர்களிற் பிரிக்கப்பட்டனர். 1945இல் இலிக்கோ சுகிசுவிலியும் நினோ ராமிசுவிலியும் தொடங்கிய ஜோர்ஜிய நடனக் குழு உலகெங்கும் ஆடிப் புகழ் ஈட்டியது. அதன் உடைகளை விர்சலாத்சே என்னும் ஓவியர் வடிவமைத்தார். மேடையில் ஒளிவிட்ட அவ்வங்கியை உலகம் ஜோர்ஜிய உடை என்றே அறிந்தது. பொதுவாயிருந்த ஒன்று, மேடையேறியவரின் தனியுடைமையாகத் தோன்றலாயிற்று.

இன்று ஜோர்ஜிய இளைஞர் மணக்கோலத்திற் சோகா அணிகின்றனர். சேர்க்காசியர் ஆண்டுதோறும் செத்தெம்பர் 28ஆம் நாளைத் தம் உடைத் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். ஜோர்தான் நாட்டின் அம்மான் நகரில் 1878 முதல் குடியேறிய சேர்க்காசியரின் வழிவந்தோர், மார்பிற் குழல் வரிசையுடன் அரண்மனைக் காவல் புரிகின்றனர். அவர்தம் குழல்களில் இப்போது மருந்தில்லை. நினைவு மட்டுமே நிறைந்திருக்கின்றது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் உண்மை ஒருவாறு புலனாகும். அங்கியின் வெட்டு குதிரை வீரர் பலர்க்கும் பொது. ‘சோகா’ என்ற பெயர் பாரசீக, துருக்கிய வழியது. மார்பிற் குழல் தைத்த நிறைவான வடிவம் சேர்க்காசியர் பெருமையோடு பரவியது என்பதற்குச் சான்றுகள் வலியன. அதனை ஏற்றுத் தத்தம் கைத்திறத்தால் வளர்த்தோர் மலைநாட்டார் அனைவரும். ‘எங்கே தோன்றியது?’ என்பது ஒரு வினா, ‘யாருக்கு உரியது?’ என்பது வேறொரு வினா. முன்னதற்கு விடை கல்லறையிலும் ஏட்டிலும் உண்டு. பின்னதற்கு விடை அணிந்தோர் வாழ்க்கையில் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே பூசல் விளைகின்றது.

2011ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள், சேர்க்காசியர்க்கு நேர்ந்த பேரழிவை இனப்படுகொலை என ஒரு நாட்டின் நாடாளுமன்றம் ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்நாடு ஜோர்ஜியா. அதில் அரசியற் கணக்கும் இருந்தது என்பர் சிலர். இருப்பினும், மேலங்கியின் பேரால் வழக்காடும் இரு மக்களுள் ஒருவர், மற்றவர் துயரைத் தம் ஏட்டிற் பொறித்து வைத்தனர் என்பது உண்மை. அங்கி யாருடையது என்ற வழக்கு இன்னும் நெடுநாள் நடக்கக்கூடும். அதனை அணிந்து மாண்டோரின் துயரை ஒப்புக்கொள்வதற்கு அவ்வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.