வயிறு வேறு, கருப்பை வேறு

(பாளையங்கோட்டையில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஆடிப்பூரத் திருவிழாவின் நான்காம் நாள் நம் நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு. ஊரே கூடி நிற்கிறது, பிள்ளைகளும் நிற்கிறார்கள். அதே பிள்ளைகளிடம் பத்தாம் வகுப்பு இனப்பெருக்கப் பாடம் வந்ததும், “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் வகுப்பறைகள் இன்னும் இருக்கின்றன.

பாடத்துக்கு முந்தைய வாரம் நான் ஒரு சீட்டுப் பெட்டி வைப்பேன். பெயர் எழுத வேண்டாம். தவறாமல் வரும் கேள்வி: “குழந்தை வயிற்றில் இருந்தால் அம்மா சாப்பிடும் சோறு அதன்மேல் விழாதா?” இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம் பேச்சில் இரைப்பையும் வயிறுதான், கருப்பையும் வயிறுதான். இரண்டையும் கரும்பலகையில் தனித்தனியே வரையுங்கள். அண்டநாளத்தில் கருவுற்ற முட்டை, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் பதிகிறது. பிறகு தொப்புள்கொடி வழியாகத்தான் உணவு என்று காட்டினால் போதும்.

இன்னொரு கேள்வி: “பாட்டி பத்து மாதம் என்கிறாள், டாக்டர் ஒன்பது என்கிறார். எது சரி?” இரண்டும் சரி. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள். 28 நாள் சுழற்சியாக எண்ணினால் பத்து. காலண்டர் மாதமாக எண்ணினால் ஒன்பதும் சில நாளும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போடட்டும். கூச்சம் பாதி அங்கேயே போய்விடும்.

அவசரப்படாமல் நடத்த வேண்டிய இடம் பால் நிர்ணயம். தாய் தருவது எக்ஸ் மட்டுமே. எக்ஸோ ஒய்யோ வருவது தந்தையிடமிருந்து. “மூணாவதும் பொட்டப்புள்ளயா” என்று அம்மா ஏச்சு வாங்குவதைக் கேட்டு வளர்ந்த மாணவி நம் வகுப்பில் இருக்கிறாள். அவளுக்கு இது மதிப்பெண் கேள்வி அல்ல. பையன்களை வெளியே அனுப்பிவிட்டு இதை நடத்தாதீர்கள். நாளைக்கு ஏசப்போகிறவர்களும் கேட்கட்டும்.

வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையையும் இந்தப் பாடத்தோடு சேருங்கள். (அதில் எத்தனை ஜன்னல் வழியே போகிறது என்பது உங்களுக்கே தெரியும்!) கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. சோகையோடு பிரசவத்துக்குப் போகிறவளுக்குச் சாதாரண ரத்தப்போக்கும் ஆபத்தாகலாம். இதைச் சொல்ல உங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரை ஒரு பாடவேளைக்கு அழையுங்கள். தாய் சேய் நல அட்டை ஒன்றைக் கையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார்கள்.